லெம் கோலின் ஒரே அட்டை

மழை வந்ததும் எல்லோரும் தங்கள் தலையைக் காத்துக்கொள்ள ஓடினார்கள். அந்த ஒருவன் மட்டும் தன் மழைக்கோட்டைக் கழற்றினான்.

வெர்னெட்டா கோல் திரும்பிப் பார்த்தாள். மெம்ஃபிஸ் பொருட்காட்சித் திடலின் சனிக்கிழமைச் சந்தை அது. ஏப்ரல் மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. பிப்ரவரியில் இறந்துபோன அம்மாவின் சாமான்களை ஒரு மேசையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள் அவள். பீங்கான் தட்டுகள், இரும்பு வாணலி, ஞாயிறுதோறும் அம்மா தேவாலயத்துக்கு அணிந்துபோன தொப்பிகள் நான்கு, அப்புறம் ஒரு வட்டமான தொப்பிப் பெட்டி நிறையப் பழைய காகிதங்கள்.

அந்தப் பெட்டியின் மேல்தான் அவன் கோட்டை விரித்தான். விரித்ததோடு விடாமல் அதன்மேல் குனிந்தும் நின்றுகொண்டான். மழை அவன் முதுகில் அறைந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, உங்களுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா? கோட்டை மாட்டிக்கிட்டு ஓடுங்க!"

"நான் காய்ஞ்சிடுவேன் மேடம். காகிதம் நனைஞ்சா நனைஞ்சதுதான்…"

அவன் நிமிர்ந்தான். இமைகளில் மழை முத்து முத்தாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்… பெரிய, அமைதியான, யாரையும் அவசரப்படுத்தாத கண்கள். ஒரு நொடி வெர்னெட்டாவுக்குக் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே அதட்டிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிப் பக்கத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள்.

"பார்க்கலாமா?" என்று கேட்டான். அவள் தலையசைத்த பிறகும் உடனே தொடவில்லை. கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். பிறகு மூடியைத் திறந்தவன், 'ஐயோ' என்றான், அடிபட்டவன் போல.

"என்னாச்சு?"

"ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கே… யாரு இந்தப் பாவத்தைப் பண்ணினது?"

"எங்க அம்மா."

"மன்னிச்சிடுங்க."

"பரவால்ல. அவங்க நிறையப் பண்ணுவாங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் அந்த ரப்பர் பேண்டை, குழந்தையின் காலிலிருந்து முள்ளை எடுப்பது போல எடுத்தான். பத்திரிகைத் துண்டுகள், ஆட்டத்துக்கான நுழைவுச் சீட்டுகள், ஒரு துண்டறிக்கை. ஒவ்வொன்றையும் ஓரத்தில் மட்டும் பிடித்தான். மெதுவாகப் புரட்டிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான்.

அவன் விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன அட்டை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. சாயம் பூசிய படத்தில் ஒரு கறுப்பு இளைஞன் பேஸ்பால் கையுறையோடு குனிந்து நிற்கிறான். பின்பக்கத்தில் ஆல்பத்தில் ஒட்டியிருந்த பசையின் பழுப்புக் கறை.

"இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"லெம் கோல்! நம்ம ஊரு ரிவர்மென் அணியோட ஷார்ட்ஸ்டாப், வேகமா வர்ற பந்தைப் பாய்ஞ்சு தடுக்கிறவர். வெள்ளைக்காரங்க லீக்ல நம்மாளுங்களை எண்ணி நாலு பேரைத்தான் சேர்த்திருந்த காலம். நம்மாளுங்களுக்கு இங்க எவனும் அட்டை போட்டதில்ல. குளிர்காலத்துல கியூபாவுக்கு ஆடப் போவாங்க பாருங்க, அங்க மிட்டாயோட சேர்த்துக் குடுத்தது இது. பேரைக்கூட 'கோலே'ன்னு தப்பா அச்சடிச்சிருக்கான். இப்படி ஒண்ணு இருக்குன்னு கேள்விதான். பதினேழு வருஷமாத் தேடறேன் மேடம்… பதினேழு வருஷம்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்பாவைப் பற்றி யாரும் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"பெரிய ஆட்டக்காரரோ?"

"பெரியவரா! 1949, ஆகஸ்ட் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. இதே ஊர்ல, ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம். மனுஷன் அஞ்சு தடவை அடிச்சு ஓடினாரு…"

"என்ன தேதி?"

"ஆகஸ்ட் பதினாலு."

"அன்னிக்கு அவர் டெக்சாஸ்ல இருந்தாரு."

"இல்லையே. இங்கதான். ஸ்கோர் புத்தகமே எங்கிட்ட இருக்கு!" பெருமையோடு சொன்னான். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

மழை கொட்டகையின் தகரத்தில் இரைந்தது. வெர்னெட்டா பெட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை.

"அது நான் பொறந்த நாளு" என்றாள். "அவர் என் அப்பா."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மழைக்குள் நடந்துவிட்டாள். தட்டுகளையும் வாணலியையும் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டை அவன் விரல்களுக்கு நடுவிலேயே தங்கிவிட்டதையும் அவள் அறியவில்லை.

*

அம்மா ஒவ்வொரு பிறந்தநாளிலும் ஒரே கதையைச் சொல்வாள். 'நீ பொறந்தப்ப உங்கப்பா டெக்சாஸ்ல இருந்தாரு கண்ணு. தந்தி போய்ச் சேரல. சேர்ந்திருந்தா ஓடி வந்திருப்பாரு.' அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வெர்னெட்டா நாற்பது வருடத்தைக் கட்டியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் இரண்டே முறை வந்தார். அவளுக்கு நாலு வயதில் ஒரு மத்தியானம், ஒன்பது வயதில் ஒரு மத்தியானம். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது டெட்ராய்ட்டில் செத்துப்போனார். அத்தனையையும் மன்னிக்க முடிந்தது… முதல் நாளில் அவர்மேல் குற்றமில்லை என்பதால்.

இப்போது அந்த முதல் நாள் போய்விட்டது.

புதன்கிழமை, பள்ளிப் பேருந்துகள் நிற்கும் பணிமனையில் அவள் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சக ஓட்டுநர் பெர்னிஸ் ஓடி வந்தாள்.

"அடியே, உனக்கு ஒரு தபால் வந்திருக்கு. ஒரு மணி நேரமா வாசல்ல நிக்குது. ஆறடி உசரம், தொப்பி போட்டிருக்கு!"

வாசலில் அவன், தபால்காரர் சீருடையில். சந்தைக்காரர்களிடம் விசாரித்துக் கண்டுபிடித்தானாம். பெயர் ஹோரஸ் டில்மன். விட்டுப்போன தட்டுகளையும் வாணலியையும் கட்டி எடுத்து வந்திருந்தான். அவற்றோடு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அந்த அட்டை.

"முதல்ல என்னைத் திட்டிடுங்க மிஸ் கோல். அப்புறம் இதை வாங்கிக்குங்க."

"வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. பதினேழு வருஷம் தேடினீங்களே."

"சும்மா வாங்கிக்க முடியாது."

"விக்கவும் மாட்டேன். தூக்கிப் போடப் போறேன். அதுக்குப் பதிலா உங்ககிட்ட குடுக்கிறேன்."

"தூக்கிப் போடற பொருளா இருந்தா அன்னிக்கு உங்க முகம் அப்படி ஆயிருக்காது."

அவன் அட்டையைப் பேருந்தின் படிக்கட்டில் வைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணங்கிப் போய்விட்டான்.

அவளுக்கு ரோஷம். மறுநாளே அட்டையை உறையில் போட்டு, தபால் நிலையத்தில் விசாரித்து அவன் முகவரி எழுதி அனுப்பினாள். சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவன். கையில் அதே உறை. அதன்மேல் 'பெறுநர் ஏற்க மறுத்துவிட்டார்' என்று முத்திரை.

"பதினெட்டு வருஷ வேலையில எனக்கு வந்த தபாலை நானே திருப்பினது இதான் முதல் தடவை" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வெர்னெட்டா சிரித்துவிட்டாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்கள் நிறைந்துவிட்டன. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்… அந்த நாகரிகம் அவளைத் தொட்டது.

"அந்த ஸ்கோர் புத்தகம்… அதை நான் பாக்கணும்" என்றாள்.

"அது வேண்டாமே."

"பாக்கணும் மிஸ்டர் டில்மன்."

*

ஞாயிறு மத்தியானம் ஹோரஸின் வீட்டில் அவள் சுற்றிவந்தாள். முன்னறை முழுக்க ரிவர்மென்தான். கிழிந்த ஆட்டச் சீட்டுகள், சட்டமிட்ட சுவரொட்டிகள், கைப்பிடியில் துணி சுற்றிய மட்டை ஒன்று, வாய் பிளந்த கையுறை ஒன்று. வெயில் படக்கூடாதென்று சன்னல்களுக்குக் கனத்த திரை. ஒவ்வொன்றின் கீழும் அவன் கையெழுத்தில் எங்கே, யாரிடம் கிடைத்தது என்ற குறிப்பு.

"உங்க வீட்டம்மா?"

"ஆறு வருஷம் ஆச்சு, போயிட்டா. 'நீ செத்தவங்களோட குடித்தனம் நடத்தறே, எனக்கு இங்க இடமில்ல'ன்னா. தப்பாச் சொன்னான்னு சொல்ல முடியல."

"இவங்களையெல்லாம் எதுக்குச் சேர்க்கறீங்க?"

"இவங்க ஆடினதை எழுதிவைக்க யாரும் இல்ல. வெள்ளைக்காரப் பத்திரிகையில ரெண்டு வரிகூட வராது. ஒரு சீட்டுக் கிழிசல் கிடைச்சாக்கூட, ஆமாடா, இந்த ஆட்டம் நடந்துச்சு, நாலாயிரம் பேர் கத்தினாங்கன்னு நிரூபிக்கலாமில்ல…"

புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். கட்டம் கட்டமாகப் பென்சில் கோடுகள். கோல் என்ற பெயருக்கு நேரே ஒன்பது இன்னிங்ஸும் நிரம்பியிருந்தன. அடுத்த பக்கம் பாதிக்கு மேல் இல்லை, எலி தின்றிருந்தது.

"ரெண்டாவது ஆட்டம் இதுதானா?"

"ஆமா."

அவள் கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். குரல் மெல்ல எழுந்தது. "அப்ப… முதல் ஆட்டம் முடிஞ்சு சேதி வந்திருக்கலாம். ரெண்டாவது ஆட்டத்தை விட்டுட்டு ஓடி வந்திருக்கலாம். அம்மா மயக்கத்துல இருந்திருப்பாங்க, தெரிஞ்சிருக்காது. அப்படி நடந்திருக்கலாமில்ல?"

அவள் கண்கள் அவனைக் கெஞ்சின. அவளுக்கே அது தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. 'இருக்கலாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பக்கம்தான் இல்லையே. யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

ஹோரஸ் புத்தகத்தை மூடினான்.

"இல்ல வெர்னெட்டா. ரெண்டாவது ஆட்டத்துலயும் ஆடினாரு. எட்டாவது இன்னிங்ஸ்ல குறுக்க பாய்ஞ்சு ஒரு பந்தைப் பிடிச்சாரு. நான் பார்த்தேன்."

"நீங்களா?"

"எங்கப்பா தோள்மேல உக்காந்து பார்த்தேன். எனக்கு அஞ்சு வயசு. எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் நாளே அதுதான்… எங்கப்பா அப்படிச் சந்தோஷமா இருந்து அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்ல. இதெல்லாம் நான் சேர்க்க ஆரம்பிச்சதே அந்த நாளைத் தேடித்தான்."

ஒரே நாள். அவன் வாழ்க்கையின் முதல் ஆனந்தமும் அவள் வாழ்க்கையின் முதல் இழப்பும் ஒரே மைதானத்தில், ஒரே மனிதனிடம். அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"பொய் சொல்லியிருக்கலாமே நீங்க…"

"அதை உங்க அம்மா சொல்லிட்டாங்களே. நானும் ஒண்ணு எதுக்கு?"

அவள் அழுது முடிக்கும்வரை அவன் அங்கேயே இருந்தான். தோளைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. ஒரு கோப்பை காப்பியை மட்டும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான். வெர்னெட்டாவுக்கு வியப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லி நெஞ்சைப் பிளந்த இந்த ஆளிடம்தான் நாற்பது வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாக அழ முடிகிறது.

*

ரிவர்மென் அணியில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர் என்று ஹோரஸ் சொன்னான். பந்தைப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர், அய்சாயா பர்விஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சாவின் ஹெலினா ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்தார். மே மாதத்தில் ஒரு நாள் இருவரும் ஹோரஸின் பழைய காரில் போனார்கள். பருத்தி முளைவிட்ட வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின.

பர்விஸுக்கு எண்பது வயது. உடைந்து கூடிய விரல்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. வெர்னெட்டாவைப் பார்த்ததும், "லெம்மோட தாடை" என்றார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "நான் பொறந்த அன்னிக்கு அவருக்குச் சேதி தெரியுமா அய்யா?"

கிழவர் ஹோரஸைப் பார்த்தார். ஹோரஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும் தாயி. ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவுல ஒரு பொண்ணு வேலியோரம் வந்து சொல்லிட்டுப் போச்சு. 'போடா, மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்'னேன். அவன் கையுறையை மாட்டிக்கிட்டுக் கழட்டறான், மாட்டறான், கழட்டறான்… 'அங்க போய் நான் என்ன பண்றது பர்விஸ்? இங்கன்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்'னான். அப்புறம் எழுந்து ஆடப் போயிட்டான்."

கிழவர் தன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"பயந்துட்டான்மா. பந்து எவ்வளவு வேகமா வந்தாலும் பயப்படாத பய… ஒரு தொட்டிலுக்குப் பயந்துட்டான். எனக்கு அவன் நல்ல சிநேகிதன். உனக்கு நல்ல அப்பன் இல்ல. ரெண்டையும் நான் மறைக்க மாட்டேன்."

வெர்னெட்டா கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பர்விஸ் அதைக் கண்ணுக்கு வெகு அருகே கொண்டுபோனார். "பயலே…" என்றார், அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

திரும்பும் வழியில் ஹோரஸ் மிசிசிப்பிப் பாலத்துக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தினான்.

"வீட்டுக்குப் போனதும் அவர் படம் போட்ட சுவரொட்டியை எடுத்துடறேன்."

"எதுக்கு? அந்த எட்டாவது இன்னிங்ஸ் பந்தை அவர் பிடிக்கலியா?"

"பிடிச்சாரு."

"அப்ப இருக்கட்டும். அவர் உங்களுக்கு ஆட்டக்காரர். எனக்கு அப்பாவா இருக்கத் தெரியாதவர். ரெண்டும் நிஜம்தானே… ஒண்ணுக்காக இன்னொண்ணை ஏன் அழிக்கணும்?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஆற்றின் மேல் வெயில் சாய்ந்து, அந்த அமைதியான கண்கள் ஈரமாக மினுங்கின. அவள்தான் முதலில் பார்வையை விலக்கினாள்.

*

அதற்குப் பிறகு ஞாயிறுகள் எல்லாம் அவனுடையவை ஆயின. தேவாலயம் முடிந்ததும் வருவான். அவள் கெளுத்தி மீன் பொரிப்பாள். வானொலியில் ஆட்ட வர்ணனை ஓடும். ஸ்கோர் எழுத அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அம்மாவின் பெட்டியில் இருந்த பத்திரிகைத் துண்டுகளை இருவருமாக காகிதத்தை அரிக்காத அமிலமில்லாத தாளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். சில சமயம் இருவர் விரலும் ஒரே தாளில் பட்டுவிடும்… யாரும் எடுக்க அவசரப்பட மாட்டார்கள். ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை அவன். அவளும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் பணிமனையில் பெர்னிஸ் அவளைத் தனியாக இழுத்தாள்.

"என் மச்சினன் அட்டை வியாபாரம் பண்றவன் ஒருத்தன்கிட்ட விசாரிச்சானாம். அந்த கியூபா அட்டை என்ன விலை போகும் தெரியுமா? புதுசா ஒரு காரே வாங்கலாமாம்! உன் தபால்காரன் உன்கிட்ட சொன்னானா?"

"இல்ல."

"சொல்ல மாட்டான். ஒத்தை அட்டைக்குப் பதினேழு வருஷம் காத்தவன், ஒரு பொம்பளை கிட்ட ரெண்டு மாசம் மீன் சாப்பிட மாட்டானா?"

அந்தச் சொல் முள்ளாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பாவும் அம்மாவை விளையாட்டின் பேரில்தான் விட்டுப்போனார். இவனும் அதே விளையாட்டின் பேரில்தான் வருகிறானோ…

ஞாயிற்றுக்கிழமை ஹோரஸ் வந்து தொப்பியைக் கொக்கியில் மாட்டுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அந்த அட்டை ரொம்ப விலை போகுமாமே?"

"போகும்."

"எங்கிட்ட சொல்லல?"

"சும்மா வாங்கிக்க முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே. நீங்க விக்கவும் மாட்டேன்னுட்டீங்க. அப்புறம் விலையைப் பத்தி என்ன பேச்சு?"

"அப்ப எதுக்கு வாராவாரம் வர்றீங்க? அதுக்கா?"

கேட்டதுமே தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் சொல் வெளியே போய்விட்டது. ஹோரஸின் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஏதோ ஒரு விளக்கு அணைந்தது போல இருந்தது. கையிலிருந்த தொப்பியைத் திரும்ப அணிந்துகொண்டான்.

"மீன் கருகுது மிஸ் கோல்" என்றான், மெதுவாக. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இரண்டு முறை தொலைபேசியை எடுத்தாள். 'நான் ஏன் முதல்ல பேசணும்?' என்று வைத்துவிட்டாள். ஆகஸ்ட் பதினாலு வந்தது, போனது. நாற்பத்தொரு வயது. யாரும் மணி அடிக்கவில்லை. பொய்யே சொல்லத் தெரியாத ஒருவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டேனே… அந்த நினைப்பு அன்று முழுவதும் அவளைச் சாப்பிடவிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் தனியாகப் பாலத்தைக் கடந்து ஹெலினாவுக்குப் போய் வந்தாள்.

*

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலிப் பேருந்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். எல்ம் மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்றில், தோளில் பையோடு ஒரு சீருடை நடந்துபோனது. ஒரு தோள் சற்றே சாய்ந்த அந்த நடை… அவனேதான்.

வண்டியை அவன் பக்கத்தில் நிறுத்தினாள். பழக்க தோஷத்தில் கை பொத்தானை அழுத்திவிட்டது. பேருந்தின் பக்கவாட்டில் சிவப்பு 'நில்' பலகை நீண்டது, விளக்குகள் மின்னின. பின்னால் வந்த கார்கள் சட்டப்படி நின்றன. எதிரே வந்தவையும் நின்றன. கதவு உஸ்ஸென்று திறந்தது.

"ஏறுங்க" என்றாள்.

"வேலையில இருக்கேன்."

"நானும்தான்."

அவன் ஏறவில்லை. முதல் படியில் ஒரு காலை மட்டும் வைத்தான். இளைத்திருந்தான்.

"நான் அன்னிக்குக் கேட்டது தப்பு" என்றாள். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்டேன். மன்னிச்சிடுங்க."

"நானும் நின்னு பேசியிருக்கணும். தொப்பியை எடுத்துக்கிட்டு ஓடினேன். ஓடறது ரொம்ப சுலபமா இருக்கு…"

"இன்னொண்ணும் சொல்லணும். அந்த அட்டை இப்ப எங்கிட்ட இல்ல."

அவன் கண்கள் ஒரு கணம் மூடிக்கொண்டன. பதினேழு வருடம் அந்த ஒரு கணத்தில் கடந்துபோவதை அவள் பார்த்தாள்.

"வித்துட்டீங்களா?"

"பர்விஸ் அய்யாவுக்குக் குடுத்துட்டேன். என்னைவிட அவருக்குத்தான் அந்த முகம் வேணும்னு தோணுச்சு. உறையோடதான் குடுத்தேன். அவர் உறையைக் கழட்டிப் போட்டுட்டு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, எடுத்து எடுத்துத் தடவிக்கிட்டு இருக்காரு."

"ஐயோ… ஓரம் தேஞ்சுடுமே!" என்றான் தன்னையறியாமல். பிறகு அவனே சிரித்தான். "தேயட்டும். அதுக்குத்தானே அது…"

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வெர்னெட்டா கண்ணாடியில் பார்த்து, கையைக் காட்டி, பொறு என்றாள்.

"இப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். "நாற்பத்தொரு வயசு, வாடகை வீடு, கொஞ்சம் கோவம். அவ்வளவுதான் இருக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை வர்றதுக்கு உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கா?"

ஹோரஸ் தபால் பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தான்.

"அந்த அட்டை உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் நான் என்ன சொன்னாலும் அதுக்காகச் சொன்ன மாதிரியேதான் இருந்திருக்கும். அதனாலதான் ரெண்டு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு மீன் சாப்பிட்டேன். இப்பச் சொல்லலாமில்ல?"

"சொல்லுங்க…"

"பதினேழு வருஷம் அதைத் தேடினேன். ஒரு நாள்கூட நீளமாத் தெரியல. உங்களைப் பாக்காத இந்த ஆறு ஞாயிறு… ஆட்டமே முடியாம இன்னிங்ஸ் மேல இன்னிங்ஸா போயிட்டே இருந்த மாதிரி…"

"ஹோரஸ்." அவன் பெயரை அவள் முதல்முறையாகச் சொன்னாள். "அதையே பேஸ்பால் இல்லாமச் சொல்லத் தெரியுமா?"

அவன் தொப்பியை எடுத்தான். நடுத்தெருவில், ஒன்பது கார்கள் காத்து நிற்க, நரை கலந்த தலையோடு சின்னப் பையன் போலத் திணறினான். அவசரமில்லாத அந்தக் கண்களில் இன்று அவசரம் இருந்தது.

"உன்னை விரும்பறேன் வெர்னெட்டா. உன்னோட மிச்ச நாளெல்லாம் இருக்கணும்னு ஆசைப்படறேன். கஷ்டமான நாள்லயும்… எங்க போகணும், என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாத நாள்லயும், உன் பக்கத்துலதான் நிப்பேன்."

ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையை ஓரத்தில் பிடிக்கவில்லை… முழுசாக, இறுக்கமாகப் பிடித்தான்.

"நானும்தான்" என்றாள் அழுதுகொண்டே. "ரொம்ப நாளா."